தாயில்லா ஊமத்தை

1964இல் லண்டனிலிருந்து வெளிவரும் 'நேச்சர்' வார இதழில் ஒரு சிறு குறிப்பு அச்சானது. எழுதியவர்கள் டெல்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையைச் சேர்ந்த சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஸ்வரியும். ஊமத்தைப் பூவின் மகரந்தப்பைகளைச் சத்துக்கூழில் வைத்து வளர்த்தோம், அவற்றுக்குள்ளிருந்து கருக்கள் முளைத்து வந்தன என்பதுதான் செய்தி. கரு விதைக்குள் இருப்பது. விதை சூலகத்தில் விளைவது. சூலகம் பூவின் பெண் உறுப்பு. இங்கோ ஆண் உறுப்புக்குள் பிள்ளை தரித்திருந்தது. மாந்தாதாவைத் தன் வயிற்றில் சுமந்த யுவனாசுவ மன்னனின் கதையைப் புராணத்தில் கேட்டவர்களுக்கு இது பழக்கமான விஷயம், தாவரவியலாளர்களுக்கு இல்லை.

செடியும் அப்படியொன்றும் அரியதல்ல. சிவனுக்குச் சாத்துகிற, குழந்தைகளை நெருங்க விடாமல் விரட்டுகிற அதே ஊமத்தைக் குடும்பம். குஹா எடுத்துக்கொண்டது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இந்தியத் தரிசுகளில் குடியேறிவிட்ட இன்னாக்சியா என்ற இனம். பறித்தால் கேட்க ஆளில்லாத களை.

அந்தக் குறிப்பு ஏன் பலரைத் திடுக்கிட வைத்தது என்பது விளங்க, தாவரவியலின் ஒரு பழைய சண்டைக்குப் போக வேண்டும். கருவைத் தருவது யார், மகரந்தமா சூலா என்ற சண்டை அது.

செடிகளிலும் ஆண் பெண் உண்டு என்பதைச் சோதனை செய்து நிறுவியவர் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரத்து மருத்துவப் பேராசிரியர் ருடால்ஃப் கமெராரியஸ். ஆமணக்கில் ஆண் பூக்களை விரிவதற்கு முன்பே கிள்ளி எறிந்தார்; காய்கள் வந்தன, உள்ளே பருப்பு இல்லை. மக்காச்சோளக் கதிரின் குஞ்சத்தை நறுக்கிப் பார்த்தார், மணி பிடிக்கவில்லை. 1694இல் ஒரு நீண்ட கடிதமாக இதை வெளியிட்டார். மகரந்தம் இல்லாமல் விதை இல்லை என்பது உறுதியானது. ஆனால் அந்தத் தூள் உள்ளே போய் என்ன செய்கிறது என்பது அடுத்த 130 ஆண்டுகளுக்கு யாருக்கும் தெரியவில்லை.

இத்தாலியில் மோதெனா நகரத்து ஜொவான்னி பத்திஸ்தா அமிச்சி நுண்ணோக்கிகளைத் தம் கையாலேயே செய்தவர். பருப்புக்கீரை வகைச் செடி ஒன்றின் சூலகமுடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதன்மேல் ஒட்டியிருந்த மகரந்தத்தூள் ஒன்று மெல்லிய குழல் ஒன்றை நீட்டுவதைக் கண்டார். 1824இல் அதை வெளியிட்டார். 1830க்குள் அந்தக் குழல் சூலகத் தண்டு வழியே இறங்கிச் சூல் வரை போகிறது என்பதையும் பார்த்துவிட்டார்.

இங்கேதான் மட்டியாஸ் ஷ்லைடன் குறுக்கிட்டார். உயிர்கள் எல்லாம் செல்களால் ஆனவை என்ற கோட்பாட்டோடு பாடநூல்களில் இன்றும் வருகிற அதே ஷ்லைடன். 1837இல் அவர் சொன்னது இது: மகரந்தக் குழலின் நுனியே கருவாக வளர்கிறது, சூல் வெறும் தொட்டில், தாய் என்பவள் இங்கே செவிலி மட்டுமே. புகழ்பெற்றவர், கூர்மையான நாக்குக்காரர். எதிர்த்துப் பேசுவது எளிதாக இல்லை. அமிச்சி 1846இல் ஆர்க்கிட் மலர்களைக் காட்டி மறுத்தார்: குழல் வந்து சேருவதற்கு முன்பே சூலுக்குள் ஒரு செல் காத்திருக்கிறது, கருவாவது அதுதான். லைப்சிக் நகரில் இசைநூல் வெளியீட்டுத் தொழில் செய்துகொண்டு, ஓய்வு நேரத்தில் தாமாகவே தாவரவியல் கற்ற வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர், முப்பதுக்கும் மேற்பட்ட செடியினங்களின் சூல்களை அறுத்துப் பார்த்து 1849இல் அமிச்சி சொன்னதே சரி என்று எழுதினார். சண்டை மெல்ல ஓய்ந்தது. கரு தாயின் அண்டத்திலிருந்தே வரும். மகரந்தம் அதைத் தூண்டும், தன் பங்கைச் சேர்க்கும். ஷ்லைடன் சொன்னது பிழை என்று பாடநூல்கள் முடிவு கட்டின.

பிறகு நுண்ணோக்கிகள் கூர்மையாயின. 1884இல் எடுவார்ட் ஸ்ட்ராஸ்பர்கர் ஆண் உட்கருவும் அண்டத்தின் உட்கருவும் ஒன்றாவதைப் பார்த்தார். 1898 ஆகஸ்ட்டில் கீவ் நகரில் நடந்த இயற்கையியலாளர் மாநாட்டில் செர்கேய் நவாஷின் அதைவிட விநோதமான ஒன்றைச் சொன்னார். மகரந்தக் குழல் கொண்டுவருவது ஒரு விந்துச் செல் இல்லை, இரண்டு. ஒன்று அண்டத்தோடு சேர்ந்து கருவாகிறது. மற்றது பக்கத்திலிருக்கும் பெரிய நடுச்செல்லோடு சேர்ந்து, கருவுக்கு உணவூட்டும் கருவூண் திசுவாகிறது. லில்லியிலும் ஃப்ரிட்டிலாரியாவிலும் அவர் கண்டதை அடுத்த ஆண்டே பாரிஸில் லியோன் கிஞார் தனியாக உறுதிசெய்தார். பூக்கும் தாவரங்களின் அடையாளமாகிவிட்ட இரட்டைக் கருவுறுதல் இதுதான். மனிதன் உண்ணும் சோறு, ரொட்டி, களி எல்லாமே பெரும்பாலும் இந்த இரண்டாவது கருவுறுதலின் விளைச்சல். இளநீரும் அதுதான்: செல்சுவர் இன்னும் எழும்பாமல், உட்கருக்கள் மிதந்து திரியும் திரவநிலைக் கருவூண். பின்னர் சுவர் எழும்பி ஓட்டின் உட்புறம் படியும்போது வழுக்கையாகி, முற்றித் தேங்காயாகிறது.

இந்த ஐரோப்பியக் கதைக்குள் இந்தியா நுழைந்த வழி அலகாபாத். அங்கே யூயிங் கிறித்தவக் கல்லூரியில் வின்ஃபீல்ட் டட்ஜன் என்ற அமெரிக்கர் தாவரவியல் நடத்தினார். அவரிடம் படித்த ஜெய்ப்பூர் இளைஞர் பஞ்சானன் மகேஸ்வரி, 1904இல் பிறந்தவர். ஆசிரியருக்கு என்ன கைம்மாறு செய்வது என்று மகேஸ்வரி கேட்டதாகவும், நான் உனக்குச் செய்ததை நீ உன் மாணவர்களுக்குச் செய் என்று டட்ஜன் சொன்னதாகவும் ஒரு கதை தாவரவியலாளர்களிடையே உலவுகிறது. கதை எப்படியிருந்தாலும் மகேஸ்வரி செய்தது அதைத்தான். ஆக்ராவில் தொடங்கி, 1939 முதல் பத்தாண்டு டாக்காவில் கற்பித்து, 1949இல் துணைவேந்தர் மாரிஸ் குவயரின் அழைப்பில் டெல்லிக்கு வந்து தாவரவியல் துறையை எடுத்துக்கொண்டார். 1950இல் நியூயார்க்கின் மெக்ரா-ஹில் அவருடைய பூக்கும் தாவரக் கருவியல் நூலை வெளியிட்டது. உலகெங்கும் அந்தத் துறையில் கால்வைத்தவர்கள் முதலில் புரட்டிய நூலாக அது நெடுங்காலம் இருந்தது. மறு ஆண்டே 'ஃபைட்டோமார்ஃபாலஜி' என்ற ஆய்விதழையும் டெல்லியிலிருந்து தொடங்கினார்.

அந்தக் காலத்துக் கருவியல் கைத்தொழில் போன்றது. பொறுமைதான் அதன் மூலதனம். அரும்பு நிலையிலிருந்து காய் நிலை வரை ஒவ்வொரு வயதிலும் பூக்களைப் பறிக்க வேண்டும். பறித்த இடத்திலேயே ஃபார்மலின், அசிட்டிக் அமிலம், ஆல்கஹால் கலந்த திரவத்தில் போட்டு, செல்கள் இருந்தபடியே நின்றுபோகச் செய்ய வேண்டும். பிறகு படிப்படியாக ஆல்கஹாலை ஏற்றி நீரை வெளியேற்றி, சைலீனுக்கு மாற்றி, உருகிய பாரஃபின் மெழுகில் ஊறவைத்துக் கட்டியாக்கி, மைக்ரோடோம் கத்தியில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவ வேண்டும். மெழுகுச் சீவல்கள் நாடாவாக நீண்டு வரும். அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மெழுகைக் கரைத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, கேமரா லூசிடா என்ற வரைகருவி கொண்டு கையால் வரைய வேண்டும். இத்தனைக்குப் பிறகும் கத்தி சரியான கோணத்தில் இறங்கியிருக்காது. அண்டம் ஒரு சீவலிலும் அதன் துணைச் செல்கள் வேறொரு சீவலிலும் கிடக்கும். அவற்றை மனத்துக்குள் ஒட்டிப் பார்க்கத் தெரிந்தவரே கருவியலாளர்.

அப்படிப் பார்த்தவர்கள் கண்ட பொதுப்படம் சிக்கனமானது. சூலுக்குள் கருப்பை. பெரும்பாலான செடிகளில் அதில் 7 செல்கள், 8 உட்கருக்கள்: ஒரு முனையில் அண்டமும் அதன் இருபுறம் சினர்ஜிட் எனப்படும் இரண்டு துணைச் செல்களும், மறுமுனையில் மூன்று, நடுவில் இரண்டு உட்கருக்களைச் சுமக்கும் பெரிய செல். ஆனால் விதிவிலக்குகள் ஏராளம், கருவியலாளர்களின் பிழைப்பும் அந்த விதிவிலக்குகளில்தான். வடஇந்தியக் குளங்களில் விளையும் சிங்காரா என்ற நீர்க்கொட்டையை வகைப்பாட்டாளர்கள் நெடுநாள் ஓனாக்ரேசி குடும்பத்தில் வைத்திருந்தார்கள். அந்தக் குடும்பத்துச் செடிகளின் கருப்பையில் 4 உட்கருக்கள்தான், சிங்காராவிலோ 8. வெளித்தோற்றம் சொல்லாததைச் சூலின் உட்புறம் சொன்னது. குடும்ப உறவைத் தீர்மானிக்க இதையும் சாட்சியாக அழைக்க வேண்டும் என்பது மகேஸ்வரி ஓயாமல் வாதிட்ட கருத்து.

டெல்லி தனித்தீவாகவும் இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஜி.எல். சுவாமி இதே கலையில் தேர்ந்தவர். ஹார்வர்டில் இர்விங் பெய்லியோடு பணிபுரிந்து திரும்பியவர். தாம் கண்டுபிடித்த ஒரு புதிய செடியினத்துக்கு அஸ்காரினா மகேஸ்வரியை என்று பெயர் சூட்டினார். கன்னட வாசகர்களுக்கு அவர் எழுத்தாளர். சென்னைத் தாவரவியல் மாணவர்களுக்கு நுண்ணோக்கியைத் தவறாகப் பிடித்தால் பொறுக்காத பேராசிரியர்.

ஆனால் மெழுகில் பதித்த சூல் செத்த சூல். அடுத்தடுத்த தகடுகளைப் பார்த்து வாழ்க்கையை ஊகிக்கலாம். உயிரோடு இருப்பதிடம் கேள்வி கேட்க முடியாது. 1950களில் டெல்லித் துறை சோதனைக் குழாய்க்குத் திரும்பியது. வழி ஏற்கெனவே ஓரளவு திறந்திருந்தது. 1904இல் ஜெர்மனியின் ஹானிங் முள்ளங்கிக் குடும்பத்துக் கருக்களை விதையிலிருந்து பிரித்து வளர்த்திருந்தார். 1925இல் லைபாக், தாய்ச்செடியில் இருந்திருந்தால் செத்துப்போகும் ஆளிவிதைக் கலப்பினக் கருக்களை எடுத்து வளர்த்துப் பிழைக்க வைத்தார். மிகச் சிறிய கருக்கள்தான் யாருக்கும் வசப்படவில்லை. 1941இல் அமெரிக்காவில் வான் ஓவர்பீக், கான்க்ளின், பிளேக்ஸ்லி மூவரும் அவற்றுக்குத் தேங்காயின் திரவத்தை ஊட்டிப் பார்த்தார்கள், வளர்ந்தன. அவர்கள் வளர்த்ததும் ஊமத்தைக் கருக்கள். ஒரு செடியின் கருவுக்கான உணவு இன்னொரு செடியின் கருவுக்கும் செல்லும் என்பது, யோசித்தால், இயல்பான விஷயம்தான். அதன்பின் திசு வளர்ப்புக்கூடங்கள் எங்கும் இளநீருக்கு மவுசு வந்தது.

டெல்லியில் குசும் காந்தா எடுத்துக்கொண்டது கசகசாக் குடும்பம். மகரந்தம் சூலகமுடியில் விழுந்து, தண்டு வழியே இறங்கிச் சூலை அடைய வேண்டும் என்பது இயற்கையின் ஏற்பாடு. முடியையும் தண்டையும் தவிர்த்துவிட்டால்? மகரந்தத்தை நீரில் கலந்து ஊசி வழியே நேராகச் சூலகத்துக்குள் செலுத்தினார். உள்ளேயே முளைத்தது, சூல்கள் கருவுற்றன. 1960இல் 'நேச்சர்' அதை வெளியிட்டது. அடுத்த அடி இன்னும் துணிச்சலானது: சூலகத்தையே திறந்து, சூல்களைத் தனியே எடுத்துச் சோதனைக் குழாயில் வைத்து, அவற்றின்மேல் மகரந்தத்தைத் தூவினார்கள். குழல்கள் நீண்டன, சூலுக்குள் புகுந்தன, கரு உண்டானது, விதை முற்றியது, முளைக்கவும் செய்தது. காந்தா, என்.எஸ். ரங்கசாமி, மகேஸ்வரி மூவரும் 1962இல் இதை அறிவித்தார்கள். 'சோதனைக் குழாய்க் கருவுறுதல்' என்று தலைப்பிலேயே போட்டார்கள். மனிதரில் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறக்க இன்னும் 16 ஆண்டுகள் இருந்தன. தமிழ்நாட்டில் எந்தப் பாழ்நிலத்திலும் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் பிரம்மதண்டும் இந்தச் சோதனைகளுக்கு ஒத்துழைத்த செடிகளில் ஒன்று.

இந்தத் துறையின் வரலாற்றில் பெண்களின் பங்கு தனியாகக் கவனிக்கத் தக்கது. அந்தப் பத்தாண்டில் டெல்லியிலிருந்து உலகம் திரும்பிப் பார்த்த இரண்டு பெரிய சோதனைகளிலும் முதல் பெயராக நின்றது ஒரு பெண்ணின் பெயர். பின்னாளில் எழுதப்பட்ட பல சுருக்க வரலாறுகள் துறைத்தலைவரின் பெயரோடு நின்றுவிட்டன.

சோதனைக் குழாய் முறையின் பயனும் உடனே தெரிந்தது. பெட்டூனியா அக்ஸிலாரிஸ் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி. சொந்த மகரந்தம் விழுந்தால் தண்டிலேயே குழலைத் தடுத்துவிடும். 1967இல் ரங்கசாமியும் கே.ஆர். சிவன்னாவும் தண்டைத் தவிர்த்து, சூல்களின்மேல் நேரடியாக அதே செடியின் மகரந்தத்தை வைத்தார்கள், விதை பிடித்தது. காவலாளி நிற்பது தண்டில், அறைக்குள் இல்லை என்பது நிரூபணமாயிற்று. பெட்டூனியாவின் சொந்தக்காரச் செடியான புகையிலை வகையில், அந்தக் காவலாளி ஆர்என்ஏவைத் துண்டாடும் ஒரு நொதி என்பது 1989 வாக்கில் வெளிப்பட்டது.

இப்போது சிப்ரா குஹா. அவர் முன்பு வெங்காயப் பூவைக் குழாயில் வளர்த்துப் பழகியவர். பஞ்சானன் மகேஸ்வரியின் மகனும் தாவர உடலியலாளருமான சதீஷ் சந்திர மகேஸ்வரியோடு சேர்ந்து அவர் தொடங்கிய வேலையின் நோக்கம் வேறு. மகரந்தப்பைக்குள் குன்றல் பகுப்பு நடக்கும். ஒரு தாய்ச் செல்லின் குரோமோசோம்கள் பாதியாகி நான்கு மகரந்தங்கள் உருவாகும். எது அந்தப் பகுப்பைத் தொடக்குகிறது என்று அறிவதற்காகவே இளம் மகரந்தப்பைகளைப் பல்வேறு கூழ்களில் வைத்துப் பார்த்தார்கள். கைனெட்டின் என்ற வளர்ச்சிப் பொருளும் இளநீரும் சேர்ந்த கூழ்களில் வைத்த சில மகரந்தப்பைகள் சில வாரங்களில் வெடித்தன. உள்ளிருந்து தூள் கொட்டவில்லை. வித்திலைகள் கொண்ட, வேர்முனை கொண்ட, விதையிலிருந்து எடுத்ததுபோன்ற கருக்கள் வரிசையாக நின்றன.

முதல் ஐயம், இவை மகரந்தப்பையின் சுவரிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்பது. சுவர்ச் செல் சாதாரண உடற்செல். அதிலிருந்து கரு வந்தால் விந்தை குறைவு. தீர்க்க ஒரே வழி எண்ணுவது. ஊமத்தையின் உடற்செல்லில் 24 குரோமோசோம்கள், மகரந்தத்தில் 12. எண்ணினார்கள்: 12. மகரந்தத்தூளே பகுந்து பகுந்து கருவாவதையும் நேரில் கண்டார்கள். 1966இல் இரண்டாவது கட்டுரை வந்தது. அதே ஆண்டு மே மாதம், லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரான மறு ஆண்டிலேயே, பஞ்சானன் மகேஸ்வரி காலமாகியிருந்தார்.

தாயே இல்லாமல், தந்தையின் பாதியிலிருந்து ஒரு முழுச் செடி. ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன் ஷ்லைடன் உளறியதாகத் தள்ளப்பட்டதில் ஒரு துளி உண்மை இருந்திருக்கிறது. அவர் சொன்னபடி பூவில் நடக்கவில்லைதான். ஆனால் மகரந்தத்துக்குள் கருவாகும் ஆற்றல் ஒளிந்துகிடந்தது. வழக்கமாக மகரந்தத்தூள் முதல் பகுப்பில் சமமின்றிப் பிரியும்: குழலை வளர்க்கும் பெரிய செல் ஒன்று, விந்தைத் தரும் சிறிய செல் ஒன்று. பட்டினி, குளிர், சூடு போன்ற அதிர்ச்சி சரியான தருணத்தில் பட்டால் அது அந்தப் பாதையை மறந்து, சமமாகப் பிரிந்தோ, பெரிய செல்லே மீண்டும் மீண்டும் பகுந்தோ கருவின் பாதைக்குத் தாவுகிறது என்பது பின்னால் தெளிந்தது.

பயிர்ப் பெருக்கம் செய்பவர்களுக்கு இந்தப் பாதிக் கணக்குதான் தேன். இருமடியச் செடியில் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு படி. ஒடுங்கு பண்பு ஒன்று மற்றதன் நிழலில் மறைந்திருக்கும். இரண்டு ரகங்களைக் கலந்தால், வழித்தோன்றல்களைத் தன்மகரந்தச் சேர்க்கையில் ஆறேழு தலைமுறை நடத்தி, பொறுக்கி, நிலைப்படுத்த வேண்டும். நெல்லில் அதற்குப் பல ஆண்டுகள் போய்விடும். ஒரே படி கொண்ட ஒற்றைமடியச் செடியில் மறைய இடமே இல்லை. கால்ச்சிசின் என்ற வேதிப்பொருளைப் பூசிக் குரோமோசோம்களை இரட்டித்தால் ஒரே தலைமுறையில் இரண்டு படியும் அச்சு மாறாத தூய வழி கிடைத்துவிடும். ஒற்றைமடியச் செடிகள் அதற்கு முன்பும் தெரிந்தவைதான். 1922இல் பிளேக்ஸ்லி குழுவினர் அறிவித்த முதல் ஒற்றைமடியச் செடியும் வயலில் தானாகத் தோன்றிய ஊமத்தையே. தற்செயலாக வருவதை நம்பி யாரும் வேளாண்மை செய்ய முடியாது. டெல்லி தந்தது விரும்பியபோது வரவழைக்கும் வழி.

வழியை முதலில் ஓடிப் பிடித்தவர்கள் பிற நாட்டினர். பிரான்சில் பூர்ஜானும் நிட்ச்சும் 1967இல் புகையிலையில் செய்து பூக்க வைத்தார்கள். 1968இல் ஜப்பானில் நீசெகியும் ஓனோவும் நெல் மகரந்தப்பையிலிருந்து செடி எடுத்தார்கள். சீனா அதை ஒரு நாட்டளவு இயக்கமாகவே நடத்தியது. 1975இல் அங்கே உருவான என்6 என்ற கூழ் இன்றும் நெல் ஆய்வகங்களில் புழங்குகிறது. மகரந்தப்பை வழியே வந்த நெல், கோதுமை, புகையிலை ரகங்கள் அங்கே வயலுக்கும் சென்றன.

இந்தியா கோட்டைவிட்டது என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. பாதிதான் சரி. குஹா சும்மா இருந்துவிடவில்லை. டெல்லியிலேயே பூசா வேளாண் ஆய்வு நிறுவனத்தில் கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதன் உள்ளிட்டோருடன் சேர்ந்து நெல்லில் ஒற்றைமடியங்களை எடுத்து 1970இல் வெளியிட்டார். இடையூறு நெல்லிலேயே இருந்தது. ஜப்பானிலும் வட சீனாவிலும் விளைவது ஜப்பானிகா இனம். அதன் மகரந்தப்பை கூழுக்குச் சட்டென்று இணங்கும். பொன்னியும் ஐஆர் ரகங்களும் சேர்ந்த இண்டிகா இனம் முரண்டு பிடிக்கும். திசு திரளாது, திரண்டாலும் பச்சையமற்ற வெளிறிய நாற்றுகளே மிகும். தெற்காசியாவின் நெல்லுக்கு டெல்லியின் கண்டுபிடிப்பு எளிதில் பலன் தராமல் போனதற்கு இது பெரிய காரணம். மறுபாதிக் குற்றச்சாட்டு நியாயமானதே: வடிவத்தைப் பற்றிய கேள்வியில் திளைத்த பல்கலைக்கழகத் துறையும் விளைச்சலைப் பற்றிய கேள்வியில் மூழ்கிய வேளாண் நிறுவனமும் ஒரே நகரத்தில் இருந்தும் அடிக்கடி கைகோக்கவில்லை.

அதன்பின் கேள்விகள் செல்லுக்குள்ளும் மூலக்கூறுக்குள்ளும் இறங்கின. ஹாம்பர்க்கில் கிரான்ஸும் லோர்ட்ஸும் மக்காச்சோளத்தின் விந்துச் செல்லையும் அண்டத்தையும் தனித்தனியே பிரித்தெடுத்து, மின்துடிப்பால் இணைத்து, 1993இல் அதிலிருந்து வளமான செடியே வளர்த்துவிட்டார்கள். குசும் காந்தா சூலை வெளியே எடுத்தார். இவர்கள் சூலையும் விட்டுவிட்டார்கள். ஜப்பானின் தெத்சுயா ஹிகாஷியாமா, கருப்பையின் நுனி சூலுக்கு வெளியே துருத்திநிற்கும் டொரினியா என்ற தோட்டச் செடியைப் பிடித்தார். ஒவ்வொரு செல்லாக லேசர் கதிரால் சுட்டுப் பார்த்தார். எதைக் கொன்றாலும் மகரந்தக் குழல் வந்துகொண்டிருந்தது; சினர்ஜிட் இரண்டையும் கொன்றபோது மட்டும் வரவில்லை. இது 2001இல் நடந்தது; அந்தச் செல்கள் சுரந்து குழலை ஈர்க்கும் சிறு புரதங்களை 2009இல் பிரித்தெடுத்து லூர் என்று பெயரிட்டார்.

மகரந்தம் எப்படிக் கருவாகிறது என்ற குஹாவின் புதிருக்கு மூலக்கூறு விடை ஒன்று வந்தது கடுகுக் குடும்பத்து ரேப் செடியிலிருந்து. அதன் இளம் மகரந்தங்களை 32 பாகை வெப்பத்தில் வைத்தால் கூட்டம் கூட்டமாகக் கருவாகும். அந்த நேரத்தில் விழித்தெழும் மரபணுக்களைத் தேடியவர்கள், நெதர்லாந்தின் வாகனிங்கனில், 2002இல் பேபி பூம் என்ற ஒன்றைக் கண்டார்கள். அதை அராபிடாப்ஸிஸ் என்ற சிறு ஆய்வுச் செடியில் ஓயாமல் இயங்க வைத்தபோது இலைமேலேயே கருக்கள் முளைத்தன.

இதே சமயத்தில் ஹைதராபாத்தில் இன்னொரு இழை ஓடிக்கொண்டிருந்தது. செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் எம். ரவி, மோகன் மாரிமுத்து, இம்ரான் சித்திக்கி மூவரும், குன்றல் பகுப்பு குன்றாமலே முடிகிற அராபிடாப்ஸிஸ் திரிபு ஒன்றை 2008இல் விவரித்தார்கள். அண்டம் தாயின் முழுக் குரோமோசோம்களோடு, கலப்பில்லாமல் வந்தது. அடுத்த ஆண்டு பிரான்சின் மெர்சியே குழு மூன்று மரபணுக்களைச் சேர்த்து முடக்கி, குன்றல் பகுப்பைச் சாதாரணப் பகுப்பாகவே மாற்றிவிட்டது. 2010இல் கலிஃபோர்னியாவின் டேவிஸில் ரவியும் சைமன் சானும் சென்ட்ரோமியர் புரதம் ஒன்றை மாற்றி, கருவுற்ற பிறகு ஒரு பெற்றோரின் குரோமோசோம்கள் முழுவதும் உதிர்ந்துபோகச் செய்தார்கள். கூழும் மகரந்தப்பையும் இல்லாமல், வெறும் கலப்பிலேயே ஒற்றைமடியம் கிடைத்தது. முரண்டு பிடிக்கும் பயிர்களுக்கு அதனால் புதுவாசல் திறந்தது.

அதே டேவிஸில் வெங்கடேசன் சுந்தரேசனின் ஆய்வகத்தில் இம்தியாஸ் காண்டேயும் பிறரும் நெல்லின் பேபி பூம் மரபணுவைப் பின்தொடர்ந்தார்கள். கருவுற்ற உடனே அந்த மரபணு பேசத் தொடங்குகிறது. ஆனால் பேசுவது தந்தையிடமிருந்து வந்த படி. அண்டத்தில் அது உறங்கிக்கிடக்கிறது. கருவாகு என்ற ஆணை மகரந்தத்தின் பையிலிருந்துதான் வருகிறது. அப்படியானால் அண்டத்திலேயே அதை எழுப்பிவிட்டால்? எழுப்பினார்கள். கருவுறாமலே அண்டம் கருவாயிற்று. குன்றல் பகுப்பையும் மாற்றிச் சேர்த்தபோது, தாயின் நகலான விதைகள் கிடைத்தன. 2019இல் இது 'நேச்சர்' இதழில் வெளியானது. அப்போது விதைகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அச்சுமாறாதவை. 2022இல் பிரெஞ்சு, கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் ஒரு வணிகக் கலப்பின நெல்லில் அந்த விகிதத்தை 95 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுபோனார்கள். கலப்பின நெல்லுக்கு ஒவ்வொரு போகமும் புதுவிதை வாங்க வேண்டியிருக்கிறது. வாங்காமல் சேமித்து விதைக்கும் காலம் வருமா என்பது இனி ஆய்வகத்தோடு காப்புரிமைச் சட்டமும் சேர்ந்து தீர்மானிக்கும் விஷயம்.

இந்த நெல்லிலும் மகரந்தத்துக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. கருவுக்குத் தந்தை தேவையில்லை, கருவூணுக்குத் தேவை. நவாஷின் கண்ட இரண்டு சேர்க்கைகளில் முதலாவது நின்றுபோக, இரண்டாவது மட்டும் வழக்கம்போல நடக்கிறது. தாயிடமிருந்து இரண்டு பங்கு, தந்தையிடமிருந்து ஒரு பங்கு என்ற பழைய விகிதம் குலையாததால் மணி பிடிக்கிறது. குன்றாத பகுப்பில் வந்த விந்துச் செல்லும் நடுச்செல்லும் ஆளுக்கு இரட்டிப்பாகக் கொண்டுவருவதால், சாதாரண நெல்லில் மும்மடியமாக இருக்கும் அரிசிப் பகுதி இதில் அறுமடியமாக இருக்கிறது.